சோலைமுத்து பாலிஷ் போடாத ரிவால்வர்

சோலைமுத்து அண்ணன் கண்ணில் மங்கலான பொருள் எதுவும் பட்டுவிடக் கூடாது. பட்டால் அன்றே அதற்கு விமோசனம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கும் எங்கள் பட்டறையில் அவருக்குப் பாலிஷ் வேலை. ஹோட்டல் கைப்பிடி, பள்ளிவாசல் கதவுக் குமிழ், படகுக் கம்பி என்று எது வந்தாலும் சுற்றும் துணிச் சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் திருப்பித் தருவார். இது சம்பளத்துக்குச் செய்வது. சும்மா செய்வது இதைவிட அதிகம். கேம்ப் மெஸ்ஸில் இருக்கும் சாம்பார் வாளியைப் பார்த்தால் வெள்ளி வாளி என்றுதான் நினைப்பீர்கள். ஒருநாள் என் டிபன் பாக்ஸைக் கழுவித் தருவதாக வாங்கிப்போனவர், அதன் மூடியில் என் மூக்கோரத்து மருவை நானே பார்க்கும்படி கொண்டுவந்து வைத்தார். அங்கே ஒரு மரு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

"ஏனுங்ணா, இதையும் விடலீங்களா?" என்றேன்.

"அழுக்கா கெடந்துச்சு மேடம்."

அது அழுக்கு இல்லை, பழசு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த முடிவு தப்பு என்று போன நவம்பரில் தெரிந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் தாரிணி, ஊர் பொள்ளாச்சி. கணவர் ஷ்யாமோடு ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில் குடியிருக்கிறேன். பட்டறையின் ஆபீஸ் வேலை முழுக்க என் தலையில். சோலைமுத்து அண்ணனுக்கு மங்கல் ஆகாதென்றால் எனக்கு எழுத்துப் பிழை ஆகாது. ரோலாவில் ஒரு கடையில் 'தேங்காய் என்னை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை. நான் கடையை மாற்றிக்கொண்டேன். ஆக, பைத்தியத்தில் நாங்கள் இருவரும் ஒரே சாதி.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கஃபீல் மக்தூம் வந்தார். உள்ளூர்க்காரர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பட்டறைக்கும் எங்கள் எல்லோருடைய விசாவுக்கும் அவர்தான் பொறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை வந்து அரபுக் காபியான காவா குடித்துவிட்டுப் போவார். அன்றைக்குக் கையில் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். மேஜையில் வைத்துப் பிரித்தால் உள்ளே ரிவால்வர்.

பிரிட்டிஷ்காரன் காலத்து ஆறு குண்டு ரிவால்வர். உடம்பெல்லாம் காபி நிறத்தில் மங்கிப்போய், அங்கங்கே துருப்பிடித்து, மரப்பிடியில் ஒரு விரிசலோடு கிடந்தது. சோலைமுத்து அண்ணன் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"மேடம், இதத் தொட்டா நம்மள உள்ள தூக்கி வச்சிருவாகளா?"

அவர் பயம் மக்தூமுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். குழலை அடைத்து, உள்ளிருக்கும் ஊசியை வெட்டி, இனி சுடவே முடியாது என்று போலீஸ் கொடுத்த காகிதம். இந்த ரிவால்வர் அவருடைய அப்பாவுடையது. அப்பா பாய்மரக் கப்பலில் பம்பாய்க்கும் பஸ்ராவுக்கும் போய்வந்த நக்கூதா, அதாவது கப்பல் தலைவர். கடலில் போகும்போதெல்லாம் இது அவர் இடுப்பில் இருந்ததாம். இப்போது மக்தூமின் மகனுக்குக் கல்யாணம். புதிதாகக் கட்டிய மஜ்லிஸில், ஆண்கள் வந்து உட்காரும் கூடத்தில், கண்ணாடிப் பெட்டி செய்து இதை வைக்கப்போகிறார்.

"ஜதீத் சாஹியே," என்றார் சோலைமுத்து அண்ணனிடம். புத்தம் புதிதாக வேண்டும். துருக்குழிகளை ராவி எடுத்துவிட்டு, மேலே நிக்கல் முலாம் பூசி, கண் கூசும்படி செய்ய வேண்டும். பத்து நாள் அவகாசம்.

"பத்து நாள் எதுக்கு அர்பாப்? தோ தின் பஸ்," என்றார் அண்ணன். முதலாளியை இங்கே அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டே நாள் போதுமாம். பயம் போன இடம் தெரியவில்லை. அத்தனை மங்கல் பொருளை மொத்தமாக ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால், எறும்பிடம் சர்க்கரை மூட்டையைக் கொடுத்த மாதிரிதானே.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், ரிவால்வர் ஒரு டர்க்கி டவலின் மேல் அப்படியே படுத்திருக்கிறது. பக்கத்தில் தையல் மிஷின் எண்ணெய் பாட்டில். ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை நகம் மாதிரி பிடித்துக்கொண்டு, துருவை மட்டும் பொட்டுப் பொட்டாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். துணிச் சக்கரம் சுற்றவே இல்லை.

"என்னங்ணா, ரெண்டு நாள்னு சொன்னீங்க?"

அவர் என் கட்டை விரலை வாங்கி, பிடியின் முதுகுப்பக்கத்து இரும்பில் வைத்தார். சொரசொரப்பாக இருந்தது.

"துருக்குழி," என்றேன்.

"துரு ஒழுங்கா குழி போடாது மேடம். அது எங்க வேணா திங்கும். இது வரிசையா இருக்கு. ஆணிய வச்சு யாரோ அடிச்சிருக்காக."

எனக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருஷம் இரும்பைத் தடவிய விரலுக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஆபீஸிலிருந்து மெல்லிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். புள்ளி புள்ளியாக அரபு எழுத்து எழும்பி வந்தது. விசா காகிதங்களோடு மல்லுக்கட்டியதில் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வரும். ஆனால் அரபு எழுத்துக்கே தலையிலும் காலடியிலும் புள்ளிகள் உண்டு. புள்ளியால் எழுதிய எழுத்தில், எது எழுத்தின் புள்ளி, எது ஆணியின் புள்ளி என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் படித்துவிட்டேன்.

நஸீரா.

"பொம்பளப் பேரா மேடம்?"

"ஆமாங்ணா."

பிறகு அது மேனேஜர் கல்யாணசுந்தரம் காதுக்குப் போனது. கும்பகோணத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் நிழலைக் கண்டாலும் பயம். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"யோவ், செத்துப்போன மனுஷன் துப்பாக்கில ஒரு பொம்பள பேரு. அது அவர் பொண்டாட்டியோ, பம்பாய்ல யாரோ, யாருக்குய்யா தெரியும்? இவங்க வீட்டுப் பொம்பளைங்க பேர வெளியாளுங்க வாயால சொல்றதே மரியாதை இல்ல. கல்யாண வீட்டுல போயி நாம குட்டையைக் குழப்பணுமா? அவர் என்ன கேட்டார்? பாலிஷ் கேட்டார். ராவிட்டு, முலாம் பூசி, குடுத்துட்டுப் போயேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இங்கே ஒருவர் வீட்டுப் பெண்ணின் பெயரை நாம் உச்சரிப்பது சரியில்லை. வேலையும் கேட்டபடி செய்வதுதான் முறை. ராவினால் புள்ளிகள் போய்விடும். போனது யாருக்கும் தெரியாது.

"நான் போட மாட்டேன் சார்," என்றார் சோலைமுத்து அண்ணன்.

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தார். அதில் மக்தூம்தான் கையெழுத்துப் போட வேண்டும். கோபம் வந்தால் லீவு போகும், முற்றினால் விசாவே போகும். கல்யாணசுந்தரம் அதையும் சொல்லிக் காட்டினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கறையில் வந்த கோபம்தான். "எதுக்குங்ணா வீம்பு? என் டிபன் பாக்ஸ விட்டீங்களா? சாம்பார் வாளிய விட்டீங்களா? இது மட்டும் என்ன?"

அப்போதுதான் ஒரு சொம்புக் கதையைச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் போனபோது, ஒரு சின்னப் பாலிஷ் மோட்டாரையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். சிவகங்கைப் பக்கம் அவருடைய ஊர். மனைவி மீனாம்பாள் வயலுக்குப் போயிருந்த நேரத்தில், அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, வீட்டிலுள்ள பாத்திரங்களை எல்லாம் முற்றத்தில் பரப்பி, ஒன்று விடாமல் பளபளவென்று ஆக்கிவிட்டார். அதில் ஒரு பித்தளைச் சொம்பு. மீனாம்பாளின் அம்மா களையெடுத்த கூலியில் திருவிழாக் கடையில் வாங்கி, தன் பெயரை வெட்டிக்கொண்ட சொம்பு. மற்றப் பாத்திரமெல்லாம் புருஷன் பெயரில், மகன் பெயரில். இது ஒன்றுதான் அந்த அம்மாள் தனக்கென்று பெயர் போட்டுக்கொண்டது. கல்யாணத்தில் மகளுக்குக் கொடுத்தார். பிறகு இறந்தும் போனார்.

"அத்த பேரு பேச்சியம்மாள் மேடம். கடைக்காரன் அவசரத்துல ஒரு எழுத்த முழுங்கிட்டான். 'பேச்சியமாள்'னு இருக்கும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மீனா மூணாவது படிக்கயில எழுத்துக்கூட்டிப் பாத்துட்டு, 'ஆத்தா, ஒம் பேர்ல ஒரு ம் கொறையுது'ன்னு சிரிச்சிருக்கா. அதுக்கு அத்த என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அது எங்கயும் போகலடி. ஒம் பேர்லதான் வந்து உக்காந்திருக்கு, நீயே வச்சுக்க'ன்னுச்சாம்."

மீனாம்பாள். நான் மனசுக்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஆமாம், இருக்கிறது.

"வயலுலேர்ந்து வந்தா மேடம். எல்லாம் மின்னுது. நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அவ அந்தச் சொம்ப மட்டும் எடுத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. வெரலால தடவுனா. பெறகு என்னப் பாத்து, 'எங்க ஆத்தா எங்க?'ன்னு கேட்டா."

மீனாம்பாள் கத்தவில்லையாம், ஏசவில்லையாம். சொம்பைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாளாம். இன்றுவரை அதைக் கீழே இறக்கவில்லை.

"கத்தியிருந்தாக்கூட தேவல மேடம். இதுல இருக்கறது யாரு பேருன்னு எனக்குத் தெரியாது. ஆனா எடுத்துப்புட்டு நாளைக்கி அவரு வந்து 'எங்க'ன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்றது? இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது."

அழுக்குக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று நான் முடிவு கட்டிய மனிதர் இவர். எனக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் போய் இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தச் சமயத்தில் என்னால் முடிந்தது அதுதான்.

பெயரைச் சொல்லவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். "கையில காட்டிருவோம்," என்றார். அதுவரை அவர் தன் பாட்டுக்கு வேலை செய்தார். மரப்பிடியின் விரிசலைப் பசை வைத்து மூடினார். ஆடிக்கொண்டிருந்த திருகை முடுக்கினார். துருவை நிறுத்தி, எண்ணெய் தடவித் துடைத்தார். நிறத்தை மட்டும் தொடவில்லை. பிடியை வருஷக்கணக்காகப் பிடித்ததில் ஒரு பக்கம் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதையும் விட்டுவிட்டார்.

ஆறாம் நாள் மக்தூம் வந்தார். டவலைப் பிரித்ததும் அவர் முகம் கடுத்தது.

"ஏ க்யா ஹை? குச் நஹி கியா?" இது என்ன, ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்கிறார்.

கல்யாணசுந்தரம் என் பக்கத்தில் நின்று முணுமுணுவென்று கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணன் ரிவால்வரை இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் போனார்.

"அர்பாப், உங்லி."

விரலைக் கேட்கிறார். மக்தூம் புரியாமல் பார்த்தார். அண்ணன் அவருடைய கட்டை விரலை மெதுவாகப் பிடித்து, என் விரலை வைத்த அதே இடத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார். அந்த விரல் முதலில் சும்மா இருந்தது. பிறகு வலமிருந்து இடமாக ஊர்ந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. மக்தூம் பையில் துழாவிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் பென்சில் தேய்த்த தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், அங்கே கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையில் எல்லா மிஷினும் நின்றுபோயின. யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். என்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அப்பா அப்போது பம்பாயில். காற்று திரும்பி, கப்பல் கரை சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பிறப்பைப் பதிந்து வைக்கும் காலம் இல்லை, போட்டோ எடுக்கும் காலமும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அம்மா மட்டும், தன் கடைசி நாட்களில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"அப்பா அவளை மறந்துவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன்," என்றார். "அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம்கூட இருந்தது."

பிறகு அவரே அந்தப் பெயரைச் சொன்னார். மெதுவாக, தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி. "நஸீரா."

கல்யாணசுந்தரம் கவசத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

மக்தூம் எழுந்து அண்ணனைப் பார்த்தார். உனக்கு எப்படித் தோன்றியது, நான் பாலிஷ்தானே கேட்டேன், ஏன் செய்யவில்லை என்று இந்தியில் கேட்டார். சோலைமுத்து அண்ணனுக்குத் தெரிந்த இந்தி பட்டறை இந்தி. அதிலேயே பதில் சொன்னார்.

"அர்பாப், மேரா கர்... பீவி கா மாமா... லோட்டா மே நாம். ஹம் பாலிஷ் கியா. நாம் கலாஸ். பீவி ரோயா."

என் வீட்டில், மனைவியின் அம்மா, சொம்பில் பெயர், நான் பாலிஷ் போட்டேன், பெயர் போயிற்று, மனைவி அழுதாள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் மாமா என்றால் இந்தியில் தாய்மாமன். எப்போதும் போல அதைத் திருத்த வாயைத் திறந்தேன், திறந்ததும் மூடிக்கொண்டேன். திருத்தவே தேவையில்லை, அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மக்தூம் அண்ணனின் தோளில் கையை வைத்தார்.

"கலாஸ்," என்றார். "பாலிஷ் மாஃபி." போதும், பாலிஷே வேண்டாம் என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். ஆண்கள் கூடத்துக்கு ஷ்யாம் போய்விட்டு வந்து ஒரு குறை சொன்னார். "அந்தத் துப்பாக்கிய யாரோ தப்பா வச்சிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள முதுகுப்பக்கம் தெரியற மாதிரி திருப்பி வச்சிருக்காங்க." சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

லீவில் கையெழுத்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம், டீ நேரத்தில் அண்ணன் இருக்கும் இடத்திலிருந்து டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால், கழிவுப் பித்தளைத் தகட்டில் ஆணியை வைத்துப் புள்ளி அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். சக்கரத்தில் ஓடிய கைக்கு ஆணி எளிதில் வசப்படவில்லை. 'பே' கொம்பு வளைந்தது, 'ச்' தலையில் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்து வீட்டுக்குப் போனது. போன எழுத்து திரும்ப வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்குப் போக நாலு நாள் இருக்கும்போது ஒரு தகட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். எழுத்து கடைக்காரன் எழுதியது மாதிரி குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

"ஸ்பெல்லிங் பாருங்க மேடம். நீங்கதேன் பாக்கணும்."

பேச்சியம்மாள் என்று இருந்தது. இலக்கணச் சுத்தம். ஒரு குறை கிடையாது.

"தப்புங்ணா," என்றேன். "ஒரு எழுத்து கூட இருக்கு."

அவர் தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை தன் பழக்கத்தில் சரியாக எழுதிவிட்டிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றார். என் வாழ்க்கையில் ஒருவரைப் பிழையாக எழுதச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

லீவு முடிந்து பிப்ரவரியில் வந்தார். வந்ததும் அதிரசப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, நான் கேட்கட்டும் என்று நின்றார். கேட்டேன்.

"பரண்லேர்ந்து எறக்கி, அவளுக்குத் தெரியாம அடிச்சேன் மேடம். பாலிஷ் போடல. ரெண்டு வருசத்துல கறுத்துப் போயிருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். கையில குடுத்தேன். வெரலால தடவிப் பாத்தா. ரொம்ப நேரம் தடவுனா. பெறகு, 'ஒரு எழுத்து கொறையுதே'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அது ஒம் பேர்லதான் இருக்கு'ன்னேன்."

"அதுக்கு?"

"உள்ள போனா. அந்தச் சொம்புலயே தண்ணி மோந்தாந்து, குடிங்கன்னு குடுத்தா."